மூங்கில் துணியையும் நூலையும் பாழாக்கும் தவறுகள்

கடையில் ‘பேம்பூ காட்டன்’ என்று எடுத்துப் போடும் துணி தொட்டால் வழவழவென்று இருக்கும், உள்ளங்கைக்குச் சில்லென்றும் இருக்கும். பெயரில் காட்டன் இருக்கிறதே என்று பருத்தி மாதிரி வெட்டி, பருத்திக்குப் போட்ட அதே ஊசியில் தைத்தால் கழுத்து அலை அலையாக நிற்கும், கீழ்மடிப்பு ஒரு பக்கம் தொங்கும். பின்னுகிறவர்கள் பாடும் இதுதான். உல்லனுக்கு எழுதிய கணக்கை மூங்கில் நூலில் அப்படியே போட்டால் ஸ்வெட்டர் நாலு நாளில் நைட்டி நீளத்துக்கு வந்துவிடும்.

எல்லாத் தவறுக்கும் மூலம், கையில் இருப்பது என்ன இழை என்று தெரியாமல் இருப்பதுதான். மூங்கிலை நசுக்கி நேரடியாக நார் எடுத்து நூற்ற துணி லினன் மாதிரி முரடாக இருக்கும். விலையும் அதிகம், கடைகளில் அபூர்வம். நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்ஃபைடும் சேர்த்துக் கரைத்து, நுண்துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் இழையாக இழுத்தது. அதாவது விஸ்கோஸ், 1892-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அதே வழிமுறை. கூழ் மட்டும்தான் மூங்கில். அதனால்தான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-இல், இதை வெறும் ‘மூங்கில்’ என்று விற்கக்கூடாது, ரேயான், அதாவது விஸ்கோஸ், என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நடவடிக்கை எடுத்தது. மூங்கிலின் கிருமி எதிர்ப்புக் குணம் இந்த இழையில் தங்குகிறது என்ற விளம்பரத்தையும் அது ஏற்கவில்லை. குழந்தைக்குத் தைக்கிறவர்கள் மென்மைக்காக வாங்கலாம், கிருமிக்காக வாங்க வேண்டாம்.

விஸ்கோஸ் என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பிடிபடும். நனைந்தால் அதன் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பருத்தியைவிட அதிகமாக ஈரம் உறிஞ்சும். கம்பளியைவிட அடர்த்தி கூடுதல், அதனால் எடையும் கூடுதல். இழுத்தால் நீளும், விட்டால் தானாகத் திரும்பாது.

வெட்டுவதற்கு முன்

நனைக்காமல் வெட்டுவதுதான் அதிகம் பேர் செய்யும் பிழை. மூங்கில் ஜெர்சி, அதாவது பனியன் துணி, 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கலாம். 6 சதவீதம் என்றே வைத்தாலும் 2 மீட்டரில் 12 சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே தேவைக்கு மேல் கால் மீட்டர் சேர்த்து வாங்குங்கள். வாளியில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் போதாது; தைத்த பிறகு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைக்க வேண்டும், முடிந்தால் இரண்டு தடவை. எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிய 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றைத் துவைத்து அளந்தால் போதும்.

துவைத்ததைக் கொடியில் தொங்கவிடுவது அடுத்த பிழை. ஈரத்தின் எடையே துணியை நீளவாக்கில் இழுத்துவிடும். அந்த இழுப்போடு வெட்டினால், அடுத்த துவைப்பில் சட்டை குட்டையாகும். துண்டின்மேல் பரப்பிக் காயவிடுங்கள்.

வெட்டும்போது துணியின் மிச்சம் மேசை விளிம்பில் தொங்கக் கூடாது. தொங்கும் பகுதி மேலே இருப்பதை இழுத்துக்கொண்டே இருக்கும். கத்தரித்து எடுத்ததும் முன்பாகம் அளவைவிடச் சிறுத்துவிடும். இரண்டாக மடித்து வெட்டாமல் ஒற்றையாக விரித்து, மாதிரித்தாளின்மேல் நாலைந்து எடைகளை வைத்து வெட்டினால் வழுக்காது. எடைக்கு அரிசி டப்பா போதும். ஓரம் சுருண்டுகொண்டே இருந்தால் ஸ்டார்ச் ஸ்பிரே அடித்துக் காயவைத்து வெட்டுங்கள். முதல் துவைப்பில் போய்விடும்.

ஊசி, நூல், மெஷின்

கூர்முனை ஊசி பனியன் துணியின் கண்ணியை அறுத்துவிடும். தைத்த அன்று தெரியாது. இரண்டு துவைப்புக்குப் பிறகு தையல் ஓரமாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும்போதுதான் தெரியும். முனை உருண்டையாக இருக்கும் பால் பாயிண்ட் ஊசி கேட்டு வாங்குங்கள். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரை மெல்லிய துணிக்கு 9-ஆம் நம்பர், அதற்கு மேல் 11. லைக்ரா கலந்த துணியில் தையல் விட்டுவிட்டு விழுந்தால் நூல் டென்ஷனைத் திருகிக்கொண்டு உட்காராதீர்கள். ஸ்ட்ரெச் ஊசி போட்டால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

பருத்தி நூல் வேண்டாம். துணி இழுபடும், நூல் இழுபடாது, அறுந்துவிடும். 120 டிக்கெட் பாலியெஸ்டர் நூல் சரியாக இருக்கும். ஜிக்ஜாக் உள்ள மெஷினில் அகலம் 0.5 முதல் 1 மில்லிமீட்டர், நீளம் 2.5 வையுங்கள். வீட்டில் நேர்த்தையல் மட்டும் போடும் கறுப்பு மெஷின்தான் என்றால் துணியை முன்னும் பின்னும் லேசாகப் பிடித்து விறைப்பாக்கி ஒரு வரி, 3 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு வரி. ‘லேசாக’ என்பதுதான் முக்கியம். பலமாக இழுத்தால் தையல் முறுக்கு பிழிந்த மாதிரி நெளியும்.

நெளிவுக்குப் பெரும்பாலும் காரணம் ஃபுட், அதாவது ஊசிக்கு அடியில் துணியைப் பிடிக்கும் பாதம், துணியை அழுத்துவது. ஃபுட் கம்பிக்கு மேலே உள்ள திருகை இரண்டு சுற்று தளர்த்திப் பாருங்கள். ஓவர்லாக்கில் டிஃபரன்ஷியலை (துணியை நகர்த்தும் முன், பின் பற்களின் வேக வித்தியாசம்) 1.3-இல் தொடங்கி, தையல் தட்டையாகப் படியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தைக்கத் தொடங்கும் இடத்தில் மெஷின் துணியைத் துளைக்குள் விழுங்கினால் அடியில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்துவிடலாம்.

தோள் தையலை வெறுமனே விடக் கூடாது. மொத்த உடையும் அதில்தான் தொங்குகிறது. துணியோ தன் எடையிலேயே நீள்வது. 6 மில்லிமீட்டர் பருத்தி நாடாவைச் சேர்த்து அடியுங்கள். நாடாவை மாதிரித்தாளின் தோள் அளவுக்கு வெட்ட வேண்டும். துணியை வைத்து அளந்தால், அது ஏற்கெனவே நீண்டிருக்கும் தப்பும் சேர்ந்து வந்துவிடும்.

கழுத்துப் பட்டி லைக்ரா ரிப்பாக (வரிவரியாகப் பின்னிய, நன்றாக இழுபடும் துணி) இருந்தால் கழுத்துச் சுற்றளவில் 85 சதவீதம். 60 சென்டிமீட்டர் கழுத்துக்கு 51, அதோடு தையல் பிடிப்பு. லைக்ரா இல்லாத அதே துணியில் பட்டி வெட்டினால் 90 சதவீதம் வரை வைக்கலாம், ஆனால் அது நாளாக நாளாகத் தளரும். லைக்ரா ரிப்பே நல்லது.

கீழ்மடிப்பை அன்றைக்கே அடித்து முடிக்கத் தோன்றும். வேண்டாம். குறிப்பாகக் கிராஸாக வெட்டிய பாவாடை, நீளமான கவுன் இவற்றை ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிட்டு, இறங்கியதைச் சமமாக வெட்டிய பிறகு மடியுங்கள்.

நெய்த துணியும் மூங்கில் சில்க் சேலையும்

‘மூங்கில் சில்க்’ என்று விற்கும் சேலையும் பெரும்பாலும் விஸ்கோஸ்தான். அதன் பிளவுஸ் துணியில் உடம்பை இறுக்கிப் பிடிக்கிற அளவில் தைத்தால் அக்குளிலும் முதுகிலும் தையல் அறுவதற்கு முன்பே இழைகள் வழுக்கி விலகிவிடும். நூல் அப்படியே இருக்க, தையலை ஒட்டிச் சீப்புப் பல் மாதிரி இடைவெளி தெரியும். பருத்தி லைனிங் கொடுத்து, பிடிப்பு ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டு, ஓரத்தை ஓவர்லாக் செய்வதுதான் வழி. சேலைக்கு ஃபால் அடிப்பதற்கு முன் ஃபால் துணியைக் கட்டாயம் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் ஃபால் சுருங்கிக் கொசுவத்தின் அடியெல்லாம் சுருக்கம் விழும்.

இஸ்திரியை மிதமான சூட்டில், உள்புறமாக, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு அழுத்தி எடுங்கள். தேய்த்து இழுத்தால் பளபளப்புத் தடம் விழும், துணியும் கோணும்.

பின்னுபவர்களுக்கு

முதல் தவறு நூலை எடையில் கணக்கிடுவது. டிசைனில் 50 கிராம் பந்து 8 என்று போட்டிருக்கும். அந்தக் கம்பளிப் பந்தில் 120 மீட்டர் என்றால் மொத்தம் 960 மீட்டர் வேண்டும். உங்கள் மூங்கில் பந்தின் லேபிளில் 95 மீட்டர் என்றிருந்தால் 11 பந்து வாங்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி போனால் அதே சாய லாட் கிடைக்காது.

மாதிரித் துண்டைப் பின்னி, ஊசியிலிருந்து எடுத்த கையோடு அளப்பது இரண்டாவது தவறு. இந்த நூலில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. 15 சென்டிமீட்டர் அகலம், 20 நீளத்துக்குப் பின்னுங்கள். துவைத்துப் பரப்பிக் காயவைத்து, கீழ் ஓரத்தில் நாலு துணிக் கிளிப் மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டு, தொங்கும் நிலையிலேயே அளங்கள். உதாரணத்துக்கு, பின்னியதும் 28 வரிசை 10 சென்டிமீட்டர் இருந்தது, தொங்கிய பிறகு 11 ஆனது என்று வைப்போம். 56 சென்டிமீட்டர் நீளத்துக்கு முதல் கணக்கில் 157 வரிசை வரும். அது உடம்பில் ஏறும்போது கிட்டத்தட்ட 62 சென்டிமீட்டர் ஆகிவிடும். சரியான கணக்கு 142 அல்லது 143 வரிசை.

ஸ்டீல், அலுமினிய ஊசியில் இந்த நூல் நழுவும். மரம் அல்லது மூங்கில் ஊசி எடுங்கள், முனை ரொம்பக் கூராக வேண்டாம், புரிகளுக்கு நடுவே குத்திப் பிரித்துவிடும். விட்டுப்போன கண்ணி கம்பளியில் போல நின்ற இடத்தில் நிற்காது, கிடுகிடுவென்று கீழே ஓடும். 20 வரிசைக்கு ஒரு தடவை கண்ணிகளுக்குள் வேறு நிறத் தையல் நூலைக் கோத்து வைத்தால் பிரிக்க வேண்டி வந்தாலும் அதுவரைதான் பிரியும்.

ரிப் ஓரத்துக்கு உடம்பைவிட இரண்டு அளவு சிறிய ஊசி. அப்படியும் கம்பளி ரிப் மாதிரி கவ்விப் பிடிக்காது. இடுப்பை இறுக்கும் டிசைனை விட்டு நேராகத் தொங்கும் டிசைனைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். கனமான கேபிள் வேலையும் (கயிறு முறுக்கியது போன்ற பின்னல்) இதற்கு ஒத்துவராது, துளைப் பின்னல் அழகாக விழும். தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னுவதைவிட, தனித்தனிப் பாகமாகப் பின்னித் தோளைத் தைத்துச் சேர்த்தால் எடை தாங்கும்.

நூல் முனைகளை இணைக்கக் கம்பளியில் செய்வது மாதிரி ஈரப்படுத்தி உள்ளங்கையில் உருட்டினால் இது ஒட்டாது. முடிச்சும் வழுக்கி அவிழும். புது நூலை ஓரத்தில் சேர்த்து, 15 சென்டிமீட்டர் வால் விட்டு, மூன்று திசையில் மாற்றி மாற்றிக் கோத்துவிடுங்கள். ஒட்ட வெட்டுவதை முதல் துவைப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

துவைக்கும்போது முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டில் சுருட்டி அழுத்தினால் போதும். குளோரின் பிளீச்சும் துணி மென்மையாக்கியும் வேண்டாம். மென்மையாக்கி ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும், டவலுக்கும் குழந்தை நாப்கினுக்கும் அது நேர் விரோதம். பின்னியதை ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வையுங்கள். நனைந்ததும் துணி அட்டை மாதிரி விறைப்பதைப் பார்த்துக் கெட்டுப்போயிற்று என்று சிலர் பதறுவார்கள். விஸ்கோஸ் தண்ணீரில் உப்புவதால் வருவது அது. காய்ந்ததும் பழையபடி குழைந்துவிடும்.