சிறிய ரிவோல்வரின் உட்காவலைப் புரிந்துகொண்டு சோதிப்பது எப்படி

மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் வேளாண்மைக் காவலுக்குச் சொட்கன் பிடித்துப் பழகியவர், இடுப்பில் செருகும் சிறிய ரிவோல்வரை முதன்முறை கையில் எடுத்ததும் சேப்டி எங்கே என்றுதான் தேடுவார். ஐந்து ரவை கொள்ளும் இவ்வகை ரிவோல்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு விரலால் தள்ளும் சேப்டி கிடையாது. தற்செயலாக வெடிக்காமல் தடுக்கும் காவல் முழுவதும் உள்ளே, விரலால் இழுக்கும் விசையோடு பிணைந்து கிடக்கிறது.

அது இரண்டு விதமாக அமையும். முதலாவது ஹமர் பிளொக். விசையைத் தொடாதபோது ஒரு மெல்லிய உருக்குத் தகடு ரவை வெடிக்க அடிக்கும் சுத்தியலுக்கும் துப்பாக்கியின் சட்டத்துக்கும் இடையே நின்று தடுக்கும். விசையை இழுத்தால் கீழிறங்கி வழிவிடும். 1944இல் கப்பல் தளத்தில் விழுந்த ஸ்மித் அன்ட் வெஸன் ரிவோல்வர் ஒன்று வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். தனி ஸ்பிரிங்கை நம்பியிருந்த பழைய தகடு அன்று தன் இடத்துக்குத் திரும்பவில்லை. அதன் பிறகே, விசையின் அசைவாலேயே தள்ளப்படும் தகட்டை அந்நிறுவனம் பொருத்தியது. இரண்டாவது ட்ரான்ஸ்பர் பார். இதில் ரவையைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி சட்டத்துக்குள் இருக்கிறது, சுத்தியல் தானாக அதைத் தொட முடியாது; விசையை முழுதாக இழுக்கும்போது மேலெழும் பட்டை ஒன்றுதான் சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்துகிறது.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாட்டை மனத்தில் பதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டை உடைந்தால் துப்பாக்கி வெடிக்காது, பழுது உடனே தெரிந்துவிடும். தகடு இல்லாமற்போனாலோ, யாரேனும் கழற்றிப் பூட்டும்போது அதை விட்டுவிட்டாலோ, துப்பாக்கி வழமைபோலவே வெடிக்கும். காவல் போய்விட்டது என்பதை அது எவ்விதத்திலும் காட்டாது.

ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டும். உருளையைத் திறந்து ரவைகளை எடுத்து வேறு அறையில் வையுங்கள். உருளையில் ரவை இருக்கும் துளைகள் ஒவ்வொன்றையும் கண்ணாலும் விரலாலும் மறுபடி பாருங்கள். உருளையை மூடி, குழலைத் தடித்த சுவர்ப் பக்கம் திருப்பி, சுத்தியலின் முன்புற இடைவெளியில் டோர்ச் அடித்தபடி விசையை மெதுவாக இழுங்கள். பட்டை உள்ளதென்றால் அது ஊசியின் பின்னால் ஏறுவதும், விசையை விட்டதும் இறங்குவதும் தெரியும். தகடு உள்ளதென்றால் நேர்மாறாக, இழுக்கையில் இறங்கும், விட்டதும் ஏறும். தகடு உள்ள சில ரிவோல்வர்களைக் காதருகே ஆட்டினால் மெல்லிய கலகலப்புக் கேட்கும். அது பழுதன்று, தகடு தளர்வாக அசைவதன் ஒலி. சுத்தியல் மூடிய மாதிரிகளில் இவ்வாறு பார்க்க வழியில்லை. அவற்றைத் தகுதியுள்ள பழுதுபார்ப்பவரிடமே கொடுக்க வேண்டும்.

வாவியோரத்து உப்புக் காற்றும் வியர்வையும் இத்தகைய மெல்லிய பாகங்களையும் துருப்பிடிக்கச் செய்யும். கைக்குக் கிட்டியதென்று தேங்காய் எண்ணெய் பூசினால் அது நாட்பட்டுப் பிசினாகி அசைவைத் தடுக்கும். தையல் மெஷின் எண்ணெய் போன்ற மென்மையான கனிய எண்ணெயில் ஓரிரு துளி போதும். விசையை இழுக்கும் விரலையோ, சட்டைப்பையில் விசைக்குள் சிக்கும் திறப்பையோ எந்த உட்காவலும் தடுக்காது என்பதால், விசையை முழுதாக மூடும் தோலுறை அவசியம். விசையை விட்ட பின்பும் தகடோ பட்டையோ அரைவழியில் நின்றால், அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கியில் ரவை ஏற்றாதீர்கள். அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்துப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள்.