பூச்சி மாத்திரைத் திட்டத்தில் புதியவர்கள் செய்யும் பழைய தவறுகள்

போன மாதம் தேனாம்பேட்டையில் ஒரு பயிற்சி அறை. ஏசி வேலை செய்யவில்லை. வெளிநாட்டுக் களங்களுக்குக் கிளம்பவிருந்த புதிய ஒருங்கிணைப்பாளர்கள் பதினைந்து பேர் விசிறிக்குக் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தம்பி எழுந்து திரையில் கணக்குக் காட்டினார். "கவரேஜ் நூத்தி நாலு பர்சென்ட் மேடம்" என்றார், முகத்தில் பெருமிதத்தோடு. கவரேஜ் என்றால், மாத்திரை சேர வேண்டிய பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்குச் சேர்ந்தது என்ற கணக்கு. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். என்னுடைய முதல் வருடத்தில் நூற்று ஏழு காட்டிக் கைதட்டல் வாங்கியவள் நான்.

மாத்திரைப் பெட்டியை வெயிலில் வைக்காதே, காலாவதி தேதியைப் பார், முன்கூட்டியே ஆர்டர் போடு என்பதெல்லாம் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். கையேட்டில் இருந்தும் யார் கண்ணிலும் படாத சிலவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நூறைத் தாண்டும் கவரேஜ்

அந்த வகுத்தலில் மேலே இருக்கும் எண், பெட்டியிலிருந்து போன மாத்திரைகள். கீழே இருக்கும் எண், எப்போதோ எடுத்த பள்ளிப் பதிவேடு. இரண்டும் பொய் என்றால் வகுத்து வருவது மட்டும் எப்படி உண்மையாகும்? கையில் கொடுத்த மாத்திரை வேறு, பிள்ளை வாயில் போட்டு மென்ற மாத்திரை வேறு. பையன் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோக, பாட்டி அதைப் பொடித்துக் கோழிக்குக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் படிவத்தில் அந்தக் கோழியும் ஒரு பயனாளி.

திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைகளுக்கு சீசனுக்கு வந்துபோகும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவர்களும் அவர்கள்தான். நூற்று நாலு சதவீதத்துக்குள் அவர்களில் ஒருவர்கூட இல்லை. உலக சுகாதார மாமன்றம் 2001-ல் வைத்த இலக்கே, ஆபத்துள்ள பள்ளி வயதுப் பிள்ளைகளில் 75 சதவீதம் பேருக்கு மருந்து போய்ச் சேர வேண்டும் என்பதுதான். 78 என்று எழுதி வந்தால் நம்புவேன். 104 வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போவேன்.

ஸ்லைடு போட்ட நேரம்

இதைப் பற்றி நீளமாகத்தான் எழுதுவேன். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. அதில் பாதி என் மேலேயே.

திட்டம் தொடங்கும் முன் ஓர் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குப் புழு இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது காட்டோ-காட்ஸ் முறை. மலத்தைச் சல்லடையில் தேய்த்து, ஸ்லைடு எனும் கண்ணாடித் துண்டின்மேல் வைத்த, துளையுள்ள ஒரு சிறு அச்சில் நிரப்புவார்கள். அந்தத் துளையில் 41.7 மில்லிகிராம் பிடிக்கும். கிளிசரினில் ஊறிய செலோஃபேன் தாளை அதன்மேல் வைத்து அழுத்தி, மைக்ராஸ்கோப்பில் முட்டைகளை எண்ணுவார்கள். எண்ணியதை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராம் மலத்தில் எத்தனை முட்டை என்று தெரியும். செலவு குறைவு, மின்சாரம் இல்லாத பள்ளித் திண்ணையிலும் செய்யலாம்.

அந்தக் கிளிசரின்தான் வில்லன். மலத்தைத் தெளிய வைத்து முட்டையைக் கண்ணுக்குக் காட்டுவதும் அதுதான், அப்படியே விட்டால் முட்டையையும் சேர்த்துத் தெளிய வைத்துவிடுவதும் அதுதான். உருண்டைப்புழு முட்டைக்கும் சாட்டைப்புழு முட்டைக்கும் ஓடு தடிமன், நாள்கணக்கில் நிற்கும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தால் உண்டு. அதற்குப் பிறகு ஸ்லைடில் அது கண்ணுக்குத் தெரியாது.

தேசிய குடற்புழு நீக்க நாளெல்லாம் வருவதற்கு முந்தைய காலம் அது. சென்னையிலிருந்து நான்கு மணி நேரத் தொலைவில் ஒரு மலையடிவாரம். நான்தான் பொறுப்பு. அங்கே நல்ல மைக்ராஸ்கோப் இல்லை, சென்னையில் இருந்தது. அங்கே அனுபவமுள்ள ஆள் இல்லை, சென்னையில் இருந்தார். ஆகவே காலையில் பள்ளியில் ஸ்லைடு போடுவது, மதியம் பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றுவது, சாயங்காலம் சென்னையில் படிப்பது என்று அட்டவணை போட்டேன். பூந்தமல்லியில் போக்குவரத்து நெரிசல் இருந்தால் ராத்திரி எட்டு மணிகூட ஆகும். கச்சிதமான திட்டம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

முடிவு வந்தது. உருண்டைப்புழு கொஞ்சம், சாட்டைப்புழு ஒன்றிரண்டு, கொக்கிப்புழு பூஜ்யம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பாதிப்பு 20 சதவீதத்தைத் தொட்டால் வருடம் ஒருமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை. 50-ஐத் தாண்டினால் இருமுறை. எங்கள் எண் இருபதைத் தொடவில்லை. அந்தப் பகுதியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். பென்சிலால்கூட இல்லை, பேனாவால் அடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து, அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் ஒரு கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "இரும்புச்சத்து மாத்திரை தவறாம குடுக்கறோம் மேடம். இமையைக் கீழ இழுத்துப் பார்த்தா இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு" என்றார். கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்துப்பிடித்து இரத்தம் குடிப்பது. பத்துப் புழு இருந்தால் கவலை இல்லை, நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒரு பக்கம் இரும்புச்சத்தை ஊற்ற ஊற்ற மறுபக்கம் ஓட்டைப் பானைபோல ஒழுகிக்கொண்டேயிருக்கும். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "எங்க சர்வேயில் கொக்கிப்புழு இல்லையே" என்றேன்.

ஓய்வுபெற்ற ஒரு லேப் டெக்னீஷியனிடம் பழைய தாள்களைக் காட்டினேன். அவர் முடிவுகளைப் பார்க்கவே இல்லை. தாளைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினார்.

"டாக்டரம்மா, ஸ்லைடு எத்தனை மணிக்குப் போட்டாங்க?"

"காலையில."

"எத்தனை மணிக்குப் படிச்சாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

மறுபடி ஆய்வு, மறுபடி செலவு, மறுபடி பெற்றோரிடம் ஒப்புதல். இந்தமுறை மைக்ராஸ்கோப்பும் ஆளும் மலையடிவாரத்துக்குப் போனார்கள். கொக்கிப்புழு இருந்தது. நிறைய இருந்தது. இடையில் போன இரண்டு வருடத்தை எந்த நிதியறிக்கையிலும் எழுத இடமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் பயிற்சியில் ஒரு பெண் கேட்டாள்: "அது லேப் வேலைதானே மேடம், திட்டத் தலைவர் ஏன் பார்க்கணும்?" இதுதான் என்னைக் கொதிக்க வைக்கும் கேள்வி. அன்று சென்னையில் படித்தவர் ஒரு முட்டையைக்கூடத் தவறவிடவில்லை. அவர் கைக்கு வந்தபோது முட்டையே இல்லை. பிழை, வண்டி எப்போது கிளம்பும் என்று முடிவு செய்தவளுடையது. ஆகவே படிவத்தில் இரண்டு கட்டம் வையுங்கள்: போட்ட நேரம், படித்த நேரம். இடைவெளி ஒரு மணியைத் தாண்டிய ஸ்லைடில் கொக்கிப்புழு 'இல்லை' என்று எழுத விடாதீர்கள், 'பார்க்கவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் மே மாத வெக்கையில் தெளிவது இன்னும் சீக்கிரம், ஆகவே அரை மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் இருக்கும் மலத்தையும் மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

அழும் குழந்தை வாயில் மாத்திரை

கூடாது. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் என்றால் 400 மில்லிகிராம் அல்பெண்டசோலில் (அதுதான் நம் பூச்சி மாத்திரை) பாதி, பொடித்து, தண்ணீரில் கலந்து. மூன்று வயதுக்குள் யாருக்கும் முழுதாகக் கொடுக்காதீர்கள். மூக்கைப் பிடித்து ஊற்றுவது, தலையைச் சாய்த்துப் பிடிப்பது எல்லாம் மூச்சடைப்பில் போய் முடியும். அழுதால் விட்டுவிடுங்கள், அடுத்த சுற்று இருக்கிறது.

முன்கூட்டிச் சொல்லாத வயிற்றுவலி

புழு அதிகம் உள்ள பிள்ளைக்கு மாத்திரை போட்டால் கொஞ்சம் வயிற்றுவலி, வாந்தி, சில சமயம் புழு வெளியே வருவது எல்லாம் நடக்கும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். இதை முந்தின நாளே அம்மாக்களிடம் சொல்லியிருந்தால் "ஆமா, மிஸ் சொன்னாங்க" என்பார்கள். சொல்லாவிட்டால், மதியம் மூன்று பிள்ளைகள் வயிற்றைப் பிடிப்பார்கள், அதைப் பார்த்து முப்பது பேர் பிடிப்பார்கள், சாயங்காலம் டிவி வண்டி பள்ளி வாசலில் நிற்கும். எனக்கு ஒருமுறை நின்றது. அன்று மாத்திரையே சாப்பிடாத வகுப்பிலிருந்தும் ஆறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு அன்று கொடுக்காதீர்கள். பழி மாத்திரை மேல்தான் விழும்.

மார்க் ஏறும் என்று வாக்குக் கொடுப்பது

நிதி தருபவர்கள் முன்னால் வாய் நீளும். கென்யாவில் 75 பள்ளிகளில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு, பள்ளிக்கு வராமல் போவது நான்கில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொன்னது. அதை எழுதியவர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமர் 2019-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் சிறு குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2013-ல் வெளியானபோது, எடையிலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் புழு குறையும் என்று மட்டும் சொல்லுங்கள். அதிலும் கவனம்: ஒரே ஒரு அல்பெண்டசோல் உருண்டைப்புழுவை அடித்துவிடும், சாட்டைப்புழுவிடம் அதன் பருப்பு அவ்வளவாக வேகாது.

கழிப்பறை

மலம் மண்ணில் கலக்கும்வரை புழு திரும்பி வந்துகொண்டேயிருக்கும், அதற்குக் கழிப்பறை வேண்டும். மாத்திரை அதைக் கட்டித்தராது. கழிப்பறை கட்டும் துறையின் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள், போய் உட்காருங்கள்.

கீரிப்பூச்சி

பிள்ளைக்கு ராத்திரி ஆசனவாயில் அரிப்பு என்று வரும் அம்மாக்களின் கவலை பெரும்பாலும் இதுதான். நம் ஸ்லைடில் இது சிக்காது என்பதால் இல்லை என்று சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி.

டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது

பள்ளியில் மாதிரி சேகரிக்க டப்பா கொடுத்தால் மறுநாள் எல்லா டப்பாவும் நிரம்பி வரும். ஒருமுறை அப்படி வந்ததும் எங்கள் குழு மகிழ்ந்துபோனது. ஸ்லைடு படித்தவர்தான் முகம் சுளித்தார். ஒரே பெஞ்சைச் சேர்ந்த நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நிறம், ஒரே பதம், ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் முட்டைகள். வகுப்புக்குப் போய் விசாரித்தேன். கடைசியில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"அவங்களுக்கு வரலை மிஸ். டப்பா காலியா இருந்தா டீச்சர் திட்டுவாங்கன்னு அழுதாங்க. அதான் என்னோடதுலேர்ந்து குடுத்தேன்."