கவுன்சில் கைவிடும் நூலகத்தை ஊரார் ஏற்று நடத்த

லண்டன் புறநகரில் எங்கள் கிளை நூலகத்தை மூடப்போவதாகக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்ததும் நான் கையெழுத்து வேட்டைக்குத்தான் ஓடினேன். இன்று யாராவது யோசனை கேட்டால், முதலில் கணக்கைக் கேட்டு வாங்குங்கள் என்பேன். மூன்று வருட மின்சார, எரிவாயு, காப்பீட்டுச் செலவுகள், கட்டட ஆய்வறிக்கை எல்லாம் வேண்டும்.

அடுத்து, எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்வி: கை மாறிய பிறகும் இது கவுன்சிலின் சட்டப்படியான நூலகச் சேவைக்குள் இருக்குமா? 1964ஆம் ஆண்டின் நூலகச் சட்டம் சேவை தரும் கடமையைக் கவுன்சிலின் மேல் வைக்கிறது. அதற்கு வெளியே போனால், இரவல் போகும் புத்தகங்களுக்கு எழுத்தாளர்கள் பெறும் அரசுத் தொகை உங்கள் நூலகத்திலிருந்து போகாது. புதுப் புத்தக வரத்தும் கணினி இணைப்பும் தொடருமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

குழுவை அறநிறுவனமாகப் பதியுங்கள். 2013 முதல் இதற்கென்றே தனிச் சட்ட வடிவம் இருக்கிறது. கடன் வந்தாலும் அறங்காவலரின் சொந்த வீட்டைப் பொதுவாகத் தொடாது. வணிகச் சொத்து வரியிலும் 80% கழிவு.

குத்தகைப் பத்திரத்தை வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பழுதுபார்ப்பு முழுக்க எங்கள் பொறுப்பு என்ற வரியை நாங்கள் லேசாக எடுத்துக்கொண்டோம். இரண்டாம் குளிர்காலத்தில் கொதிகலன் நின்றது. குழந்தைகள் கோட்டுப் போட்டபடியே கதை கேட்டார்கள். அதை நினைத்தால் இன்னும் மனசு பொறுக்கவில்லை.

தன்னார்வலர் எத்தனை பேர் வந்தாலும், சம்பளத்துக்கு ஒரு நூலகராவது இருக்கட்டும்.