கீரைப் பாத்திக்கு மூடாக்கு: எதற்குப் போடலாம், எப்போது போடலாம்

மூடாக்கு என்றால் செடிக்கு இடையில் உள்ள மண்ணை வைக்கோல், தழை கொண்டு மூடுவது. சிறுகீரை, முளைக்கீரை போடுகிறவர்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 25 நாளில் வேரோடு பிடுங்கிச் சந்தைக்குப் போகிற பயிர் அது. அதற்குப் போய் வைக்கோல் சுமந்து பரப்பினால் கூலிதான் தண்டம். நான் சொல்வது அறுக்க அறுக்கத் தழைகிற கீரைகளுக்கு. அரைக்கீரை, கோ 3 கிள்ளுக்கீரை, பாலக், பொன்னாங்கண்ணி, புதினா, மணத்தக்காளி எல்லாம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவை. அங்கே போட்ட கூலி திரும்பி வரும். ஈரோட்டில் எங்கள் காலிங்கராயன் வாய்க்கால் பக்கம் நெல்லும் கரும்பும் மஞ்சளும் சுற்றிலும் விளைவதால் சரக்குக்குப் பஞ்சமில்லை. கரும்புச் சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, காட்டோடு கொளுத்துகிறார்களே, அதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

மூடாக்குக்கான இடத்தை விதைக்கும்போதே விட்டுவிட வேண்டும். தூவி விதைத்த பாத்தியில் பின்னால் எதையும் நுழைக்க முடியாது. நாலடி அகலப் பாத்தியில் ஒரு சாண் இடைவெளியில் கோடு கிழித்து, விதையோடு பத்து பங்கு உலர்ந்த மணல் கலந்து கோட்டில் விடுங்கள். கீரை விதை பொடி. மேலே கனமாக எது விழுந்தாலும் முளை திணறும். அதனால் இந்தக் கட்டத்தில் வைக்கோல் கூடாது. வெயில் காலமானால் நனைத்த சணல் சாக்கை விரித்து வைத்து, முளை தெரிந்ததும் சாயங்காலமாகப் பார்த்து எடுத்துவிடுங்கள். காலையில் எடுத்தால் வெயில் தாங்காமல் குருத்து துவண்டுவிடும்.

நாற்று நாலு விரல் உயரம் வந்ததும், கிட்டத்தட்ட 15 நாளில், நெருக்கமாக உள்ளதைக் கலைத்து விடுங்கள். கலைத்தது வீட்டுக் கூட்டுக்கு ஆகும். கையோடு ஒரு களை எடுத்துவிட வேண்டும். கோரையும் அருகும் இருந்தால் கிழங்கோடு, வேரோடு தோண்டித்தான் ஆக வேண்டும்; மூடாக்கைத் துளைத்துக்கொண்டு வருவதில் கோரைக்கு நிகர் இல்லை. பிறகு தண்ணீர் விட்டு, மறுநாள் ஈரத்தின் மேல் மூடாக்கு. காய்ந்த மண்ணை மூடினால் சின்ன மழையும் சொட்டுநீரும் வைக்கோலோடு நின்றுவிடும்.

வைக்கோலை நறுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். நறுக்கிய துண்டெல்லாம் அறுப்பின்போது கட்டோடு வந்துவிடும். சம்பத் நகர் உழவர் சந்தையில் ஒரு அம்மா என் கட்டைப் பிரித்துப் பார்த்து, "ஏனுங்க தம்பி, கீரை விக்கறீங்களா, வைக்கப்போர் விக்கறீங்களா?" என்று கேட்டார். நீள வைக்கோலை வரிசை போகிற வாக்கில் படுக்க வைத்தால் அறுவாளுக்கு வராது. இரண்டு விரல் கனம் போதும். பத்தடிப் பாத்திக்கு ஐந்து கிலோ போலப் பிடிக்கும். தண்டைச் சுற்றி ஒரு விரல் இடம் விடுங்கள். ஒட்டி வைத்தால் ஈரம் தங்கித் தண்டு அழுகும். போடுமுன் ஒரு கைப்பிடியை உதறிப் பாருங்கள். நெல்மணி உதிர்ந்தால் அந்தக் கட்டு வேண்டாம், கீரைக்குள் நாற்றங்கால் ஆகிவிடும்.

சோகையின் ஓரம் அரம் மாதிரி. இளந்தண்டில் உரசும் என்பதால் நடைபாதைக்கும் மணத்தக்காளிக்கும் மட்டும். தை, மாசியில் மஞ்சள் வெட்டுமுன் அறுக்கிற தழை நல்ல சரக்கு, இரண்டு நாள் வாடவிட்டுப் போடுங்கள். வேலியில் கிளைரிசிடியா மரம் இருந்தால் அதன் தழையையும் வெட்டிப் போடுங்கள். சீக்கிரம் மட்கித் தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுக்கும். அதனாலேயே அடிக்கடி போட வேண்டிவரும். மட்காத தென்னை நார்க்கழிவு மட்டும் வேண்டவே வேண்டாம்.

வைக்கோல் மட்கும்போது மேல்மண்ணின் தழைச்சத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். இலை வெளுத்தால் அதுதான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் மூடாக்கின் மேலேயே ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் சேர்த்துப் புளிக்க வைத்த கரைசல்) ஊற்றிவிடுகிறேன். மடை திறந்து பாய்ச்சுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு: புது வைக்கோல் மிதந்து போய்ப் பாத்தியின் கடைக்கோடியில் குவியும். முதல் இரண்டு தண்ணீரைப் பூவாளியிலோ, மழை போலத் தூவும் ரெயின் பைப்பிலோ விட்டால் படிந்துவிடும், அப்புறம் பாய்ச்சலாம். எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்பதை நாட்காட்டி பார்த்துச் சொல்ல முடியாது. வைக்கோலை விலக்கி விரலை விடுங்கள். முதல் கணு வரை ஈரம் இருந்தால் மோட்டாருக்கு ஓய்வு.

காய்ந்து கிடந்தால் கரையான் வரும். வேப்பம்புண்ணாக்கைப் பொடித்துத் தூவி, லேசான ஈரத்திலேயே வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நத்தை அடியில் ஒதுங்கும். அடைமழை பிடித்தால் மூடாக்கைப் பாதையில் ஒதுக்கிவிடுவதே மேல். மற்ற நாளில் சின்ன மழைக்கு இதுதான் காவல், கீழிலையில் சேறு தெறிக்காது.

வைக்கோலுக்குப் பதில் விரிக்கிற, மண்ணில் மட்கும் மல்ச்சிங் ஷீட் பற்றியும் கேட்கிறார்கள். ஓட்டை போட்டு நடுகிற மணத்தக்காளிக்குச் சரி, வரிசை விதைப்புக்கு ஒத்துவராது. 'ஆக்ஸோ' என்று சொல்லி விற்கிற பிளாஸ்டிக் ஷீட்டை வாங்காதீர்கள். அது பொடிப்பொடியாக உடையும், மட்காது. ஐரோப்பாவில் இதற்கென்றே 2018இல் வந்த இஎன் 17033 தரம், 2 ஆண்டுக்குள் 90 சதமாவது மண்ணில் மட்க வேண்டும் என்கிறது. அதுபோலச் சான்று காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசி அறுப்பு முடிந்ததும் மிச்ச வைக்கோலை உடனே உழுது மடக்க வேண்டாம், அடுத்த கீரைக்கான தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். வாரி எடுத்துப் புதினாப் பாத்திக்குப் போடுங்கள், இல்லையென்றால் சாணக் குழியில் தள்ளுங்கள்.