மடக்குக் கத்தி: வாங்குவது, விரிப்பது, தீட்டுவது

திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன வட்டாரத்தில், சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கத்தியை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. இளநீர் சீவுவதற்கும் கருவேல முள்ளை வெட்டுவதற்கும் அது உதவாது என்பது உண்மைதான். ஆனால் மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டையின் சணலை அறுப்பது, உரச்சாக்கின் தையலைப் பிரிப்பது, சொட்டுநீர்க் குழாயை நேராக வெட்டுவது, பேருந்துப் பயணத்தில் ஒரு கொய்யாவை நான்காக நறுக்குவது ஆகியவற்றுக்கு அரிவாளை எடுத்துப் போக முடியாது.

வாங்கும்போது அலகு 6 முதல் 8 சென்டிமீட்டருக்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் அன்றாட வேலைகளுக்குப் போதும். கார்பன் எஃகு அலகு எளிதில் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சைச் சாறோ மாங்காய்ப் புளிப்போ பட்டு ஒரு மணி நேரம் கிடந்தாலே கறுத்துவிடும், ஈரத்தோடு விட்டால் துருவும் பிடிக்கும். பழம் நறுக்கவே பெரும்பாலும் பயன்படுமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலகே நல்லது. கடையில் கத்தியை விரித்து, அலகின் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். மடங்கும் இடத்திலுள்ள ஆணியில் ஆட்டம் தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கத்தி வேண்டாம்.

நறுக்கும்போது நமக்கு இருக்கும் கவனம் மடக்கும்போது இருப்பதில்லை. வேலை முடிந்துவிட்டதென்று மனம் வேறெங்கோ போயிருக்கும். விரிக்கும்போது ஒரு கையால் கைப்பிடியின் இரு பக்கங்களையும் பற்றிக்கொண்டு, மறு கையின் கட்டைவிரல் நகத்தை அலகிலுள்ள சிறு பள்ளத்தில் வைத்து, அலகு முழுவதும் நிமிரும்வரை சீராக இழுக்க வேண்டும். மடக்கும்போது, கூர்வாய் வந்து அமரும் பிளவின் மேல் எந்த விரலும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்ட பிறகே, அலகின் முதுகை உள்ளங்கையால் அழுத்த வேண்டும். பூட்டுள்ள வகைகளில், கைப்பிடியின் உட்புறத் தகட்டைப் பெருவிரலால் தள்ளிப் பூட்டை விடுவிக்கும் அமைப்புதான் கூடுதல் கவனத்தைக் கோருகிறது, ஏனெனில் அந்தப் பெருவிரலே அலகு திரும்பி வரும் வழியில் நிற்கிறது. பூட்டை விடுவித்து, அலகைச் சிறிதளவு மடக்கி, பெருவிரலை எடுத்துவிட்டு, அதன் பின்னரே மீதியை மடக்குங்கள். திரைப்படத்தில் வருவதுபோல் ஒற்றைக் கையால் உதறி விரிப்பது ஆணியைத் தளர்த்துவதைத் தவிர வேறெதற்கும் பயன்படாது.

பூட்டு இருக்கும் தைரியத்தில் கத்தியை முரட்டு வேலைக்கு விடக் கூடாது. முனையால் குத்தும்போதும், அலகின் முதுகில் எதிர்விசை விழும்போதும் பழைய பூட்டு நழுவக்கூடும். பூட்டே இல்லாமல், வில்லின் (ஸ்பிரிங்) விசையால் மட்டும் அலகு நிற்கும் கத்தியாக இருந்தால் அலகு நேராக விரல்மேல் மடங்கும். பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்புவதும், திருகாணியைத் திருகுவதும் முனையை ஒடிக்கும் வேலைகள். சணலை அறுக்கும்போது அலகை உடம்பை நோக்கி இழுக்காமல் வெளிப்புறமாகச் செலுத்துங்கள். பழத்தை உள்ளங்கையில் வைத்து நறுக்காமல் ஏதேனும் ஒரு பலகையிலோ தட்டிலோ வையுங்கள். இன்னொருவர் கேட்டால் மடக்கிய பிறகே கொடுக்க வேண்டும். கத்தியைக் கைக்குக் கை தராமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. காரணம் எதுவாயினும், நடைமுறையில் அது நல்ல பழக்கமே.

வாழைப்பட்டையை அறுத்தால் கறை அலகில் பிசினாக ஒட்டிக் காயும். தண்ணீரில் தேய்ப்பதைவிட, துணியில் சிறிது தேங்காய் எண்ணெயைத் தொட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து கூர்வாயை நோக்கித் துடைத்தால் எளிதில் வந்துவிடும். பைக்குள் சேரும் நூல்பிசிறும் புழுதியும் கைப்பிடியின் பிளவுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். அவற்றைத் தென்னை ஈர்க்குச்சியால் கிளறி எடுக்கலாம். ஆணிக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் கூடாது, அது நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டு போதும்.

மழுங்கிய கத்தியைத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தும் கத்திதான் வழுக்குகிறது. ஆகவே தீட்டக் கற்றுக்கொள்வது பாதுகாப்பைச் சேர்ந்த விஷயம். தெருவில் வரும் சாணைக்காரரின் சுழலும் கல் அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் ஏற்றது. மெல்லிய அலகில் அந்த வேகத்தில் சூடு ஏறினால் எஃகின் பதம் கெட்டு, எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காமல் போகும். இரும்புக் கடையில் கிடைக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமான சாணைக்கல்லை வாங்கி, வழுக்காதபடி ஈரத்துணியின் மேல் வைத்து நனைத்துக்கொள்ளுங்கள். அலகைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தி, அந்தக் கோணத்தைப் பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கி, அதிலிருந்து சற்றே குறைத்தால் ஏறக்குறைய 20 டிகிரி கிடைக்கும். அந்தக் கோணம் மாறாமல், மேற்பரப்பை மெல்லச் சீவியெடுப்பதுபோல அடியிலிருந்து முனைவரை நகர்த்த வேண்டும். ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே வர, மறுபக்க விளிம்பில் நூலளவு பிசிறு எழும். விரலைக் கூர்வாயின் நீளத்தில் ஓட்டாமல், முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தடவினால் அது தட்டுப்படும். அந்தப் பிசிறு எழாமல் பக்கத்தை மாற்றுவதுதான் பலருடைய கத்தி கூராகாததற்குக் காரணம். இரு பக்கமும் எழுந்த பின் வழவழப்பான பக்கத்தில் மென்மையாகத் தீட்டி, பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே செல்லுமாறு சில முறை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். விளக்கொளியில் கூர்வாயைப் பாருங்கள்: வெள்ளைக் கோடாக மின்னும் இடம் இன்னும் மழுங்கலாக இருக்கிறது. பழுத்த தக்காளியின் தோலை அழுத்தாமலே கீறினால் வேலை முடிந்தது.

கை அறுபட்டால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூளை அப்ப வேண்டாம். காயம் ஆழமாக இருந்தாலோ இரத்தம் நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் அதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கும் எடுத்துச் செல்லலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும் நாளில் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், வாசலில் சோதனை உண்டு. நீதிமன்ற வளாகத்துக்கும் இதுவே பொருந்தும். மதுரை விமான நிலையத்திலிருந்து கிளம்புபவர்கள் கைப்பையில் வைக்காமல், எடை போட்டு ஒப்படைக்கும் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைக்க வேண்டும். கைப்பையில் மறந்து கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள்.