நுவார் படம் பார்க்கிறீர்களா? கொலைகாரனைத் தேடாதீர்கள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பழைய படம் பார்ப்போம். போன மாதம் பில்லி வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944). நுவார் வகை, அதாவது குற்றமும் இருட்டும் நிழலுமாக ஓடும் படம். படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், புதிதாக வந்திருந்த தம்பி என் பக்கம் சாய்ந்து, “அண்ணே, கொன்னது நான்தான்னு இவனே சொல்லிட்டானே, அப்புறம் என்ன சஸ்பென்ஸ்?” என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் இதையே கேட்டவன் நான்.

போனை ஓரமாக வை, பேசாமல் பார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நுவார் பார்க்கும்போது தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கொலைகாரனைத் தேடுவது

டிவிடியை வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலம். இரவு நேரம். குண்டடிபட்ட இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன் ஆபீசுக்குள் தள்ளாடி வருகிறான். பேச்சைப் பதிவுசெய்யும் டிக்டஃபோனை எடுத்து, கூட வேலை பார்க்கும் கீஸுக்கு வாக்குமூலம் சொல்ல ஆரம்பிக்கிறான். பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றானாம். பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை. நான் நம்பவில்லை. ‘இவன் யாரையோ காப்பாற்றுகிறான், கடைசியில் வேறு ஆள் மாட்டுவான்’ என்று முடிவுகட்டி, நடுவில் முக்கால் மணி நேரத்தை ஓட்டிவிட்டுக் கிளைமாக்ஸுக்குப் போனேன். நான் எதிர்பார்த்த ஆள் மாட்டவில்லை. ‘மொக்கைப் படம்’ என்று டிவிடியைத் திருப்பிக் கொடுத்தேன். போதாதற்கு நண்பர்களிடமும் அப்படியே சொல்லிவைத்தேன். அதை முழுசாகப் பார்க்க எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

நான் ஓட்டிவிட்ட பகுதியில் என்ன இருந்தது தெரியுமா? அந்தப் பெண்ணுடைய கணவனின் பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு ஏஜென்ட்டும் அவளும் காரில் ஏறுகிறார்கள். அவள் ஸ்டார்ட் செய்கிறாள். இன்ஜின் முனகி அடங்குகிறது. மறுபடியும் அதே. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ‘கிளம்பு, கிளம்பு’ என்று அப்போது மனசுக்குள் வேண்டிக்கொள்வது நாம். ஒரு கொலைகாரனின் கார் கிளம்ப வேண்டும் என்று! கொலை நடக்கும்போதும் கேமரா செத்துக்கொண்டிருப்பவனைக் காட்டுவதில்லை. பக்கத்தில் கார் ஓட்டும் அந்தப் பெண்ணாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கின் முகத்திலேயே நிற்கிறது. ‘யார்’ என்று தேடுகிற கண்ணுக்கு இதெல்லாம் தட்டுப்படாது.

ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராகக் கடைப்பிடித்த தணிக்கை விதிப்படி, குற்றவாளி தண்டனை இல்லாமல் தப்பிக்கக் கூடாது. ஆக, முடிவு டிக்கெட் வாங்கும்போதே பாதி தெரிந்த விஷயம். வைல்டர் அதைத் தொடக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டு, எப்படிச் சிக்கினான் என்பதற்கு முழுப் படத்தையும் எடுத்துக்கொண்டார்.

நமக்கு நுவார் என்றதும் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) நினைவுக்கு வரும். பாட்டே இல்லாத படம், நிழலெல்லாம் அச்சு அசல் நுவார். ஆனால் சுட்டது யார் என்பதுதான் அங்கே கதை. அந்தக் கண்ணோடு இங்கே வந்து உட்காராதீர்கள்.

டிவியில் வெளிச்சத்தைக் கூட்டுவது

“முகமே தெரியலையே” என்று பிரைட்னஸைக் கூட்டுவார்கள். தெரியக் கூடாது என்றுதானே ‘டபுள் இன்டெம்னிட்டி’யின் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அப்படி எடுத்தார்! ஜன்னல் தட்டிகளின் நிழல் நாயகன் கோட்டின் மேல் ஜெயில் கம்பி மாதிரி விழும். வெளிச்சத்தைக் கூட்டினால் அது வெறும் சாம்பல் கோடு. டிவியை சினிமா மோடில் வையுங்கள், ஹால் விளக்கை அணையுங்கள். அசைவை வழவழப்பாக்கிக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீரியல் பார்ப்பதுபோல் இருக்கும்.

கலர் பூசிய பிரதி

வேண்டாம்.

எல்லா முடிச்சும் அவிழ வேண்டும் என்பது

‘தி பிக் ஸ்லீப்’ (1946) என்ற இன்னொரு நுவார் படத்தில் கார் டிரைவரைக் கொன்றது யார் என்று எடுத்தவர்களுக்கே குழப்பம். நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லரிடம் கேட்டார்களாம். அவருக்கும் தெரியவில்லையாம். அப்புறம் நீங்கள் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள்? நாயகன் போகார்ட்டும் நாயகி பகாலும் பேசிக்கொள்வதைக் கேளுங்கள், போதும்.

சப்டைட்டில் போட வெட்கப்படுவது

போடுங்கள். படபடவென்று பேசுவார்கள்.

கையைக் கவனிக்காமல் விடுவது

‘டபுள் இன்டெம்னிட்டி’யில் எட்வர்ட் ஜி. ராபின்சன்தான் கீஸ். வாயில் சுருட்டு இருக்கும், தீப்பெட்டி மட்டும் இருக்காது. பையெல்லாம் தடவுவார். நாயகன் ஒரே கையால் தீக்குச்சியைக் கட்டைவிரல் நகத்தில் உரசி நீட்டுவான். முதல் தடவை பார்க்கும்போது சும்மா ஒரு ஸ்டைல் என்று நினைப்போம். கடைசிக் காட்சியில் குச்சியை உரசுவது யார் என்று பாருங்கள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அந்தத் தம்பியிடம், “எப்படிப்பா?” என்று கேட்டேன். “சூப்பர்ணே. ஆனா அந்த லேடி மேல எனக்கு மொதல்லேர்ந்தே டவுட்டு” என்றான்.