சொந்த ஸ்டேட்டோட பேரே மைனஸா இருக்கற கவர்னர் அமெரிக்க அதிபர் ஆவாரா? நீங்களே கணக்குப் போட்டுப் பாக்கறது எப்படி

காலையில பாண்டி பீச் ரோட்டுல நடக்கற கூட்டத்துல நாங்க அஞ்சு பேரு. ஏழரைக்கு வண்டியெல்லாம் விட்டுடுவாங்க, அதுக்குள்ள ரெண்டு ரவுண்டு, அப்புறம் டீ. போன வாரம் டீ குடிக்கும்போது ஒரு அண்ணன் ஆரம்பிச்சார். அவர் பையன் கலிஃபோர்னியாவுல இருக்கான். "கலிஃபோர்னியா கவர்னர் கேவின் நியூசம் 2028 அதிபர் தேர்தல்ல நிப்பாருன்னு பேச்சு அடிபடுது, ஆனா அந்த ஸ்டேட் பேரைச் சொன்னாலே அமெரிக்காவுல பாதி பேரு மூஞ்சி சுளிக்கறானாமே, எப்படிப்பா ஜெயிப்பாரு?" அவ்ளோதான், ஆளுக்கு ஒண்ணு பேசி டீ ஆறிப்போச்சு, கத்தினாங்களே தவிர கணக்குன்னு ஒருத்தரும் போடல. நான் ரொம்ப வருஷமா இந்த எலெக்‌ஷனையெல்லாம் வேடிக்கை பாக்கற ஆளு, அதனால எனக்குத் தெரிஞ்ச முறையை எழுதிடறேன்.

முதல்ல நம்ம ஊரு கவர்னரை மண்டையிலேந்து எடுத்துடுங்க. 2019ல முதல்வரா இருந்த நாராயணசாமி ராஜ்நிவாஸ் வாசல்ல தர்ணா உக்காந்தாரே, அந்த ராஜ்நிவாஸ் கவர்னர் வேற. அமெரிக்காவுல கவர்னர்னா நம்ம கணக்குக்கு முதலமைச்சர், ஜனங்க நேரா ஓட்டுப் போட்டு வந்தவரு. பட்ஜெட், ஜெயிலு, ரோடு, வரி எல்லாம் அவர் தலையிலதான் விடியும். 1976லேந்து 2004 வரைக்கும் நடந்த 8 அதிபர் தேர்தல்ல 7ல ஜெயிச்சது கவர்னரா இருந்தவங்கதான், அதுக்கப்புறம் ஒருத்தர் கூட இல்ல.

அடுத்தது, சொந்த ஸ்டேட்டோட ஓட்டு வேற, சொந்த ஸ்டேட்டோட பேரு வேற. ரெண்டையும் குழப்பிக்கறதுலதான் பாதி சண்டை வருது. ஓட்டுங்கறது சும்மா கூட்டல் கணக்கு, மொத்தம் 538ல 270 வேணும், கலிஃபோர்னியாவுக்கு 54, அது ஜனநாயகக் கட்சிக்காரங்க யாரை நிறுத்தினாலும் விழற ஓட்டு, அதனால நியூசமுக்கு அதுல புது லாபம் கிடையாது. சொந்த ஸ்டேட் கைவிட்டும் ஜெயிச்சவங்க உண்டு, நியூ ஜெர்சி கவர்னரா இருந்த உட்ரோ வில்சன் 1916ல நியூ ஜெர்சியில தோத்துட்டுத்தான் திரும்ப அதிபரானார். (நம்ம ஜனாதிபதி தேர்தல்ல புதுச்சேரி எம்எல்ஏ ஒருத்தர் ஓட்டோட மதிப்பு 16, தமிழ்நாட்டு எம்எல்ஏவுக்கு 176. நம்ம 30 பேரையும் சேத்தா 480. சும்மா சொன்னேன்.)

பேருதான் விஷயமே. இதை எனக்குப் புரிய வெச்சது என் சித்தப்பா பையன் கல்யாணம். திண்டிவனத்துல பொண்ணு பாக்கப் போனோம், காபி கூட வரல, பொண்ணோட அப்பா "பாண்டியா... தம்பிக்கு தண்ணி கிண்ணி உண்டா?"ன்னார். பையன் பீர் கூட தொட மாட்டான், ஆனா ரோஷம் பொத்துக்கிட்டு வந்து ஆசிரமம், பாரதியார், பிரெஞ்சுக்காரன்னு ஒரு மணி நேரம் லெக்சர் எடுத்தான். இடம் தட்டிப்போச்சு. கேட்டது அவனைப் பத்தி, அவன் பதில் சொன்னது ஊரைப் பத்தி.

இப்ப ஒரு பேப்பர் எடுங்க. அந்த ஸ்டேட்டைப் பத்தி எதிர்க்கட்சி சொல்ற குத்தம் எல்லாத்தையும் வரிசையா எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரே கேள்வி: இதுல இவர் கையெழுத்து இருக்கா? மழை, வறட்சி, முன்னாடி இருந்தவங்க வெச்சுட்டுப் போன கடன் இதெல்லாம் கொஞ்ச நாள்ல மறந்துடும், கையெழுத்து மறக்காது. 1988 மைக்கேல் டுகாகிஸ் கதையைப் பாருங்க. மாசசூசெட்ஸ் கவர்னர், ஜனநாயகக் கட்சி வேட்பாளர், ஸ்டேட் பொருளாதாரம் ஓஹோன்னு இருக்குன்னு அதை வெச்சே நின்னார், கோடையில கருத்துக்கணிப்புல 17 பாயின்ட் முன்னாடி கூட இருந்தார். அந்த ஸ்டேட்ல கைதிகளை வார இறுதியில வெளிய விடற திட்டம் ஒண்ணு. ஆரம்பிச்சது 1972ல, ஆரம்பிச்சவர் குடியரசுக் கட்சி கவர்னர், இவர் இல்ல. ஆனா கொலைக் குத்தவாளிகளுக்கு அது கூடாதுன்னு 1976ல சட்டசபை கொண்டுவந்த மசோதாவை நிறுத்தினது இவர். அப்படி வெளிய வந்த ஒருத்தன் திரும்ப உள்ள போகாம வேற ஊர்ல கொடுமை பண்ணிட்டான். யாரு ஆரம்பிச்சதுன்னு எவன் கேக்கப்போறான், நிறுத்தின கையெழுத்து இவரோடது.

அடுத்த டெஸ்ட் படம். அந்தக் குத்தத்தை ஒரே படமா காட்ட முடியுமா? முடியும்னா ஆபத்து. அதே 1988ல அவரை எதிர்த்து நின்ன மூத்த புஷ் போட் ஏறி பாஸ்டன் துறைமுகத்துக்குள்ளயே போய் அழுக்குத் தண்ணிய காட்டிட்டு வந்துட்டார், சுற்றுச்சூழல் பேசற டுகாகிஸோட சொந்த ஊர்ல! கடலூர்க்காரங்களுக்கு இது நல்லா புரியும், சிப்காட் பக்கம் பஸ்ஸுல போனவனுக்கு புள்ளிவிவரம் எதுக்கு, மூக்கு போதும். 2023 நவம்பர்ல டிவி விவாதத்துல ஃப்ளோரிடா கவர்னர் டிசாண்டிஸ் நியூசம் எதிர்லயே சான் பிரான்சிஸ்கோ மேப் ஒண்ணைத் தூக்கிக் காட்டினார், ரோட்டுல எங்கெங்க மனுஷ மலம் கிடக்குன்னு ஊரே பிரவுன் கலரா. அதுக்கு எவ்ளோ விளக்கம் குடுத்தாலும் மனசுல நிக்கறது மேப்தான்.

மூணாவது, பதில் எப்ப வருது. டுகாகிஸ் அந்தத் தாக்குதலுக்கெல்லாம் பதிலே சொல்ல வேணாம்னு இருந்தார், தப்பு பண்ணிட்டேன்னு பின்னாடி அவரே சொன்னார். கடைசியில புஷ்ஷுக்கு 426, இவருக்கு 111ன்னு முடிஞ்சது. ஜிம்மி கார்ட்டரைப் பாருங்க, ஜார்ஜியாவுக்கு இனவெறி ஊருன்னு பேரு, 1971ல கவர்னரா பதவி ஏத்துக்கற அன்னிக்கே இனப் பாகுபாட்டுக்கான காலம் முடிஞ்சுபோச்சுன்னு பேசிட்டார், தேர்தலுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி சொன்ன பதிலுக்கு எடை அதிகம். கிளிண்டன் ஊரு ஆர்கன்சா, ஏழை ஸ்டேட், 1990ல மொத்த ஜனத்தொகை 23 லட்சத்து சொச்சம், 2011 கணக்குல நம்ம கடலூர் மாவட்டமே 26 லட்சம். மூலையில மளிகைக் கடை நடத்தினவன் வால்மார்ட்டை நடத்திடுவேன்னு சொல்லலாமான்னு 1992ல மூணாவது ஆளா சுயேச்சையா நின்ன ராஸ் பெரோ விவாதத்துலயே கிண்டல் பண்ணார். கிளிண்டன் ஊரை மறைக்கல, ஹோப்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தவன்னு அதையே கதையாக்கிட்டார்.

நம்ம பையன் கதையும் அப்படித்தான் முடிஞ்சது. அடுத்து பண்ருட்டியில ஒரு இடம், இந்தத் தடவை அவங்க வாயத் திறக்கறதுக்குள்ள, "எங்க தெருவுல மூணு ஒயின் ஷாப் மாமா, மூணையும் தாண்டித்தான் தினம் வேலைக்குப் போறேன்"னான். அவர் சிரிச்சுட்டார். இப்ப ரெண்டு பசங்க.

இன்னொண்ணு மறக்காதீங்க, பரீட்சை ரெண்டு. முதல்ல சொந்தக் கட்சிக்குள்ள வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற பிரைமரி, அப்புறம்தான் பொதுத் தேர்தல். ஒண்ணுல பிளஸ்ஸா இருக்கறது இன்னொண்ணுல மைனஸ் ஆகும். 2012ல ஒபாமாவை எதிர்த்து நின்ன குடியரசுக் கட்சிக்காரர் மிட் ராம்னி, கவர்னரா இருந்தப்ப 2006ல மாசசூசெட்ஸ்ல கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அங்க பெருமை, 2012ல சொந்தக் கட்சிக்காரங்ககிட்டயே அதுக்கு மென்னு முழுங்க வேண்டியதா போச்சு, பின்னாடி அதே மாதிரி ஒபாமா கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டத்தைத் திட்டவும் வாய் முழுசா வரல. தாஜா பண்ண "நான் ரொம்பத் தீவிரமான பழமைவாதி கவர்னரா இருந்தேன்"ன்னு வேற பேசிவெச்சார். சொந்த ஸ்டேட்ல 23 பாயின்ட் வித்தியாசத்துல தோத்தார். ஸ்டேட் நல்ல பேரோட இருந்தா மட்டும் போதும்னும் இல்ல, ஃப்ளோரிடா பெருமையைப் பேசியே வந்த டிசாண்டிஸ் 2024 ஜனவரியிலயே பிரைமரியிலேந்து மூட்டை கட்டிட்டார்.

இப்ப நியூசமுக்குப் போட்டுப் பாருங்க. கையெழுத்து: இழுத்துக்கிட்டே போற புல்லட் ரயில் திட்டம் 2008ல ஜனங்களே ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டது, அவர் தப்பிச்சுக்கலாம். ஆனா வீடில்லாம கிடக்கறவங்க 2024 கணக்குல 1,87,000 பக்கம், 2019லேந்து கவர்னர், அதுக்கு முன்னாடி சான் பிரான்சிஸ்கோ மேயர் வேற, முன்னாடி இருந்தவங்க மேல பழி போட வழியில்ல. படம்: வீடில்லாதவங்க ரோட்டோரம் போட்ட கூடாரம், பிரவுன் மேப், ரெண்டும் ரெடியா இருக்கு. பதில்: எதிர்க்கட்சி பக்கம் பேசற ஃபாக்ஸ் டிவிக்கே போய் நின்னது நல்ல மார்க், ரோட்டோரக் கூடாரங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது 2024 ஜூலையிலதான், அது லேட். கலிஃபோர்னியாவைத் தனி நாடா வெச்சா 2024 கணக்குல உலகத்துல நாலாவது பெரிய பொருளாதாரம்னு அவர் சொல்றது சரிதான், ஆனா அது ஆசிரமம், பாரதியார் லெக்சர் மாதிரி. என் கணக்குல பிரைமரியில கலிஃபோர்னியா அவரை ஒண்ணும் பண்ணாது, எந்தப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஸ்டேட்லதான் இடிக்கும்.

அவர் பதவிக்காலம் 2027 ஜனவரியோட முடியுது, அதுக்கப்புறம் கையெழுத்துப் பட்டியல் நீளாது. அன்னிக்குப் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, பென்சில்வேனியாவுல யாராவது அந்தக் கூடாரத்தைப் பத்திக் கேக்கும்போது அவர் முதல் வாக்கியம் என்ன சொல்றார்னு மட்டும் பாருங்க.